நேராக நிற்காத புள்ளிகள்

"சிஸ்டர், இது இருபத்தஞ்சா, ரெண்டரையா?"

காலையில் பயிற்சி நர்ஸ் இதைக் கேட்டபோது மருந்து ஊசிக்குள் ஏறியிருந்தது. இருபத்தைந்துதான் ஏறியிருந்தது.

ஹெட் நர்ஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டுச் சுவரைப் பார்த்தாள். குழந்தைகள் வார்டின் மருந்தளவு அட்டவணை. 2.5, 12.25, 25 என்று எண்களெல்லாம் கட்டங்களின் நடுவில், பஸ்ஸுக்கு முண்டியடிக்கும் கூட்டம் மாதிரி நின்றன. ஒரு புள்ளிக்கு நேர்கீழே இன்னொரு புள்ளி இல்லை.

அட்டவணை பெரிய டாக்டர் தயாரித்தது. நேராகப் போய்ப் பொரிந்து தள்ளினாள்.

"புள்ளிக்குக் கீழ புள்ளி வரணும் டாக்டர். இல்லேன்னா இங்க ஒரு குழந்தை போயிடும்."

"பார்க்கலாம் சிஸ்டர்" என்று சொல்லி அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்.

பார்க்கலாமாம். யார் வீட்டுக் குழந்தையோ என்றுதானே? அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. ஆஸ்பத்திரி சர்வரில் எல்லாருக்கும் பொதுவாக இருந்த அந்த அட்டவணையை வார்டு கம்ப்யூட்டரில் திறந்து தானே உட்கார்ந்தாள்.

ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி அடுக்கினாள். திரையில் ஒழுங்காக நின்ற எண்கள் காகிதத்தில் குடித்துவிட்டு வந்தவைபோல் தள்ளாடின. வலது ஓரத்துக்குத் தள்ளினாள். வால்கள் ஒட்டின, புள்ளிகள் ஒட்டவில்லை. ஆத்திரத்தில் டேப் கீயைக் குத்தினாள். எண் அசையவில்லை, கர்சர் அடுத்த கட்டத்துக்குத் தாவியது. இன்னும் ஓங்கிக் குத்தியதில் அட்டவணையின் அடியில் மருந்தே இல்லாத புது வரிசை ஒன்று முளைத்தது.

அச்சகத்தில் வேலை பார்க்கும் தங்கைக்குப் போன் போட்டாள்.

"ஸ்பேஸ் பாரையா தட்டுன? உன்னைத் திருத்தவே முடியாதுக்கா."

"அப்புறம் திட்டுடி. குழந்தைங்க விஷயம்."

"எண் இருக்கிற கட்டத்தையெல்லாம் தேர்வு பண்ணி இடது ஓரமாக்கு. மேல ஸ்கேல் இருக்கில்ல, அதுல டெசிமல் டேப்னு புள்ளிக்குன்னே ஒரு குறி இருக்கு, அதை வை. டேப் கீயைத் தொடாதே. புள்ளி தானா வந்து நிக்கும்."

வந்து நின்றது. மேலிருந்து கீழே ஊசியால் கோத்த மாதிரி.

அடுத்த நிமிஷம், கண்ணெதிரே, எண்கள் வலப்பக்கம் நகரத் தொடங்கின.

"ஏய், தானா நகருதுடி."

"தானா எப்படி நகரும்? நீ கைய வெச்சிருப்பே."

"கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

மறுபடி டேப் வைத்தாள். மறுபடி கலைந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். எண்கள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் இப்போது காலி இடம் கூடியிருந்தது. கடைசியில் காய்ச்சல் மருந்தின் வரிசையே காணாமல் போனது.

அவ்வளவுதான். எழுந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சுகமாக உட்கார்ந்திருக்கும் அந்த மனுஷனிடம், ஒன்று இந்த அட்டவணை இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன் என்று கேட்டுவிட வேண்டியதுதான்.

அறைவாசலில், துடைப்பத்தோடு வெளியே வந்த ஆயா கையை நீட்டித் தடுத்தாள்.

"இப்ப உள்ள போகாதீங்கம்மா, டாக்டர் கொதிச்சுப்போயிருக்காரு. காலையிலேருந்து சாப்பிடக்கூட எழுந்திரிக்காம நீங்க சொன்ன புள்ளியத்தான் நேராக்கிட்டு இருக்காரு. இவரு அடுக்க அடுக்க, எவளோ ஒருத்தி எங்கயோ உட்கார்ந்து கலைச்சுக்கிட்டே இருக்காளாம்."