கூட வந்தவருக்கு எங்கே வலி?

ஆஸ்பத்திரியில் டாக்டர், நர்ஸ், நோயாளி என்று மூன்றே இனங்கள்தான் என்று நினைத்திருந்தீர்களா? நான்காவது ஒன்று உண்டு. கூட வந்தவர். நோயாளியின் பெயரைக் கூப்பிட்டால் முதலில் எழுந்து நிற்பவர், நாக்கை நீட்டச் சொன்னால் தானும் சேர்ந்து நீட்டுபவர், மருந்து கசக்குமா என்று கேட்டு முகத்தையும் முன்கூட்டியே சுளித்துக்கொள்பவர். நோய் மட்டும்தான் அவருடையது இல்லை.

அப்படி ஒருவர் மனைவியை எலும்பு ஸ்கேனுக்கு அழைத்து வந்தார். மனைவி பள்ளிக்கூட டீச்சர். ஒரு வகுப்பையே ஒரு பார்வையில் அடக்குகிறவர். போன வருஷம் மார்பில் ஒரு புற்றுநோய்க் கட்டியை எடுத்திருந்தார்கள். இப்போது கால் வலி. பழைய சனியன் எலும்புக்கும் போய்விட்டதோ என்று இருவருக்கும் பயம். மனைவி அதை மென்று விழுங்கினார். கணவர் பேசித் தீர்த்தார்.

"எங்கம்மா வலிக்குது?" என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண்.

"முட்டிலதாங்க," என்றார் கணவர்.

"இல்லைங்க, எனக்கு..."

"மாடி ஏறினா ஜாஸ்தி," என்று முடித்தார் கணவர்.

கை நரம்பில் ஊசி போட்டார்கள். "இது லேசா கதிர் வீசுற மருந்து. எலும்புல போய்ச் சேரும். எங்க எலும்பு தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்குதோ அங்க கூடுதலா சேரும். அதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். நிறைய தண்ணி குடிங்க."

கணவர் ஓடிப்போய்ப் பாட்டில் வாங்கி வந்தார். முக்கால்வாசியைத் தானே குடித்தார்.

"இவ இருட்டுல மின்னுவாளா?"

"மாட்டாங்க சார். சிறுநீர்ல போயிடும். இன்னிக்குக் கைக்குழந்தைங்களை மட்டும் மடியில வச்சுக்க வேணாம்."

கணவர் கைக்குழந்தை இல்லை. ஆனாலும் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

ஸ்கேன் அறை வாசலில் அவரை நிறுத்தினார்கள். "நான் இல்லாம இவளுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாதுங்க!"

"மெஷின்கிட்ட எதுவும் சொல்ல வேணாம் சார். அசையாம படுத்தா போதும்."

உள்ளே ஒடுக்கமான மேசை. முகத்துக்கு மேலே பெரிய தட்டுப் போல ஒரு கேமரா இறங்கி வந்தது. "பயப்படாதீங்கம்மா. இது உங்க மேல எதையும் பாய்ச்சாது. உங்க உடம்புலேர்ந்து வர்றதை வாங்கிக்கும், அவ்வளவுதான்." வந்ததை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒன்றும் சொல்லாத ஒன்றை டீச்சர் வீட்டில் பார்த்ததே இல்லை. கண்ணை மூடிச் சுகமாகப் படுத்திருந்தார்.

"இப்ப சொல்லுங்கம்மா, வலி எங்க?"

"இடது பாதத்துல. நின்னு பாடம் நடத்தினா காலை ஊன முடியல."

"சார் முட்டின்னாரே?"

"முட்டி வலி அவருக்கு."

பாதத்தைத் தனியாக இன்னொரு படம் எடுத்தார்கள்.

மறுநாள் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பரவல் எதுவும் இல்ல. பாதத்துல மெல்லிசா ஒரு விரிசல். கொஞ்ச நாள் நிக்காம இருந்தா சேர்ந்துடும்."

கணவர் வாயைத் திறந்தார். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவருக்கு ரொம்ப சந்தோஷம் டாக்டர்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் இருப்பவருக்கு எங்கே வலி என்று உங்களுக்குத் தெரியுமா? "ஏன் தெரியாது?" என்று இவ்வளவு அவசரமாகச் சொல்கிறீர்களே, அவரைக் கேட்டீர்களா?