கைப்பேசிக் கிராமமும் ஒரு சுயேச்சை வேட்பாளரும்

நிம்மதியைத் தேடிப் போகிறவனால் ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை. கிடைத்த நிம்மதியை நாலு பேருக்குப் பகிர்ந்து கொடுக்கலாம் என்று அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போதுதான் வினை ஆரம்பிக்கிறது. அப்படிக் கிளம்பிய ஆள் ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் ஷேவ் செய்துகொள்ளும்போது கண்ணாடியில் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் ஓரத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. நாள் முழுக்க மூடிகளைப் பார்த்து ‘இது சரி, இது சரியில்லை’ என்று சொல்ல வேண்டும். மேனேஜர் நாள் முழுக்க என்னைப் பார்த்து அதில் இரண்டாவதை மட்டும் சொல்வார். அந்த எரிச்சலில்தான் ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் வரும்போது ஃபோனில் ஒரு கிராமத்து விளையாட்டை ஏற்றினேன்.

அதில் நமக்கு ஒரு சின்ன ஓட்டு வீடு, கொஞ்சம் நிலம், ஒரு மாடு கொடுத்து ஓர் ஊரில் விட்டுவிடுவார்கள். விதைத்தால் முளைக்கிறது. மழை பெய்தாலும் கரண்ட் போவதில்லை. சொந்த வீடு எப்போது என்று யாரும் கேட்பதில்லை. மாட்டைத் தடவிக் கொடுத்தால் அதன் தலைக்கு மேல் ஒரு சிவப்பு இதயம் முளைக்கிறது. (வீட்டில் என் மனைவி வசந்தியிடமும் முயன்று பார்த்தேன். ‘கையக் கழுவிட்டு வாங்க’ என்றாள்.) அந்த ஊர் மனிதர்களும் அப்படித்தான். தினமும் போய் நலம் விசாரித்து, பிடித்த பொருளாக ஒன்றைக் கையில் கொடுத்தால் அவர்கள் தலைக்கு மேலும் இதயம் வரும். தச்சருக்குப் பூசணிக்காய், டாக்டரம்மாவுக்குத் தேன், மீன்காரருக்கு முட்டை. ஊரே என்மீது உயிராக இருந்தது.

‘அந்த ஊர்ல ஒருத்தர் விடாம தெரியுது உங்களுக்கு. நம்ம எதிர்வீட்டுக்காரர் பேரு என்னன்னு சொல்லுங்க பாப்போம்’ என்றாள் வசந்தி.

எனக்குத் தெரியவில்லை. ரெட்டியார்பாளையத்தில் அந்தத் தெருவுக்கு வந்து வருடக்கணக்கில் ஆகியிருந்தது.

இங்கே எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது வாடகை மாடி. வசந்திக்குக் கதிர்காமம் பக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, எனக்கு மேட்டுப்பாளையம். இரண்டு பேருக்கும் தோதான இடம். குழாயில் மாடி வரை தண்ணீர் ஏறும். ஆணி அடித்தால் யாரும் ஓடி வர மாட்டார்கள். அதற்கு முன்னால் இருந்த வீடுகளில் பட்ட பாட்டை நினைத்தால் வசந்திக்கு இன்றும் கண் கலங்கும். இனிமேல் சாமான்களை மூட்டை கட்டத் தன்னால் முடியாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

கீழ் வீட்டில் ஹவுஸ் ஓனர் தனசேகரண்ணன். தங்கமான மனிதர். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான், கவுன்சிலர் ஆவது. நகராட்சித் தேர்தல் எப்போது வந்தாலும் எங்கள் வார்டில் தான்தான் என்று முடிவு செய்து, வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார். தேர்தல்தான் வந்தபாடில்லை.

இதெல்லாம் தெரிந்திருந்தும் என் மரமண்டைக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வசந்தியின் கேள்வி குத்திக்கொண்டே இருந்தது. கைப்பேசிக்குள் நடப்பது தெருவில் ஏன் நடக்கக் கூடாது? தினமும் எல்லோரையும் நலம் விசாரிப்பது, கையில் ஏதாவது கொடுப்பது என்று இறங்கினேன். மொட்டை மாடியில் நான் போட்ட செடிகள் முளைக்கவே இல்லை என்பதால் பெரிய மார்க்கெட்டில் சுரைக்காயும் கத்திரிக்காயும் எலுமிச்சையும் வாங்கிவந்தேன். பையில் போடாமல் நீட்டினால் நன்றாக இருக்காதே என்று பரண்மேல் தேடினேன். எங்கள் கல்யாணத்தில் மிஞ்சிய தாம்பூலப் பைகள் ஒரு கட்டு கிடைத்தன.

அந்தப் பைகளில் ஒரு பக்கம் என் படம், மறுபக்கம் வசந்தியின் படம். இரண்டிலும் கைகூப்பிச் சிரிக்கிறோம். கீழே கொட்டை எழுத்தில் ‘நன்றி’.

படித்தவன்தான் நான். என் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். அந்தப் பையில் என் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

முதலில் பக்கத்து வீட்டு மதாம். அவருடைய கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்; பென்ஷன் இன்றும் அங்கிருந்துதான் வருகிறது. பையை வாங்கிய மதாம் என் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

‘எனக்குப் போயி ஏம்பா வீணாக்குற? நான் பிரெஞ்சு நேஷனாலிட்டி. எனக்கு இங்க வோட்டு கெடையாது. பிரான்சுல எலெக்‌ஷன்னாதான் போடுவேன்.’

‘வோட்டுக்கு இல்ல மதாம். சும்மா, பாசத்துக்கு.’

‘எல்லாரும் அப்படித்தாம்பா சொல்றாங்க’ என்று சுரைக்காயை மட்டும் எடுத்துக்கொண்டு பையைத் திருப்பிக் கொடுத்தார். வோட்டு உள்ள வீடாகப் பார்த்துக் கொடுக்கச் சொல்லி ஒரு யோசனையும் சொன்னார்.

எதிர்வீட்டுக்காரரின் பெயர் கமீது பாய், துணிக்கடை வைத்திருப்பவர். (பெயரைத் தெரிந்துகொண்டதும் ஓடிப்போய் வசந்தியிடம் சொன்னேன்.) அவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

‘எந்தக் கட்சி தம்பி?’

‘கட்சியெல்லாம் இல்ல பாய்.’

‘சுயேச்சையா? கஷ்டமாச்சே.’ பையின் மறுபக்கத்தைக் காட்டினார். ‘பின்னாடி அம்மா படம் எதுக்கு?’

நான் பதில் தேடுவதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. ‘ஓ, மகளிர் வார்டு ஆக்கிட்டா அம்மா நிப்பாங்க. கில்லாடி தம்பி நீங்க.’

நான் எதிலும் நிற்கவில்லை என்று மன்றாடினேன். நிற்கிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள் என்பது தெரு முழுவதற்கும் தெரிந்திருந்தது. மறுநாளும் நான் பையோடு போனேன். விளையாட்டில் ஒருநாள் விட்டால் இதயம் குறைந்துவிடும்.

அந்த வாரக் கடைசிக்குள் தெரு என்னை ஏற்றுக்கொண்டது. பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். டீக்கடையில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எல்லோர் தலைக்கு மேலும் எனக்கு இதயம் தெரிந்தது. அப்புறம் குறைகள் வர ஆரம்பித்தன. வாய்க்கால் அடைத்திருக்கிறது, தெருவிளக்கு எரியவில்லை, நாய்த் தொல்லை தாங்கவில்லை. சொல்ல வந்தவர்கள் எல்லோரும் தனசேகரண்ணன் வாசலைத் தாண்டித்தான் எங்கள் படியில் ஏற வேண்டும். அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்தால் மட்டும் பேப்பரை விரித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது கமீது பாய் வழிமறித்தார். கூடவே தெரு ஆட்கள் பத்துப் பேர். நான் என்ன என்று கேட்பதற்குள், சரிகை போட்ட சால்வை ஒன்றை விரித்து என் தோளில் போர்த்திவிட்டார். கைதட்டல் வேறு. ஒரு கையில் பால் பாக்கெட்டோடு நான் மறுகையைத் தூக்கிக் கும்பிட்டேன். (அது தானாக வந்துவிட்டது. யாருக்கும் வரும்.) கும்பிட்டுத் திரும்பினால், நேர் எதிரே தனசேகரண்ணன்.

சால்வையைக் கழற்றுவதற்குள் அவர் மாடிக்கே வந்துவிட்டார். உட்காரவில்லை.

‘இந்த மாசத்தோட வீட்டக் காலி பண்ணிடுங்க குமரன்.’

‘அண்ணே, நான் எதுலயும் நிக்கல அண்ணே.’

‘என் வீட்டுலயே இருந்துகிட்டு என்னையே எதுத்து நிக்கிறீங்க. நான் என்ன கொறை வெச்சேன் உங்களுக்கு? மோட்டார் போட மறந்தேனா?’

அவர் குரல் உடைந்துவிட்டது. உள்ளே வசந்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். பரண்மேல் இருந்த அட்டைப்பெட்டிகளை அண்ணாந்து பார்த்தாள். இந்த வீடும் போச்சு என்று நினைத்தபோது நிஜமாகவே அழுகை வந்தது. வேறு வழி தெரியாமல் ஃபோனை எடுத்து விளையாட்டைத் திறந்து அவரிடம் நீட்டினேன்.

மாட்டைக் காட்டினேன். தச்சரைக் காட்டினேன். பூசணிக்காய் கொடுத்ததும் இதயம் வருவதைக் காட்டினேன். நாற்பதைத் தாண்டிய ஆள், சால்வை போர்த்திக்கொண்டு, ‘பாருங்கண்ணே, இவருக்கு முட்டைன்னா உசுரு’ என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் மெதுவாக உட்கார்ந்தார்.

‘இதுல எலெக்‌ஷன் எப்ப?’

‘எலெக்‌ஷனே கெடையாது அண்ணே.’

‘பின்ன எதுக்கு அவங்களுக்குக் குடுக்கணும்?’

‘சும்மாதான். சந்தோஷத்துக்கு.’

ஃபோனை வாங்கிக்கொண்டார். மீன்காரருக்கு அவரே ஒரு முட்டையைக் கொடுத்தார். இதயம் வந்தது. ‘குடுத்த ஒடனே வருதே’ என்றார். அத்தனை வருடம் காத்திருந்த மனிதர். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

‘சரி, காலி பண்ண வேணாம்’ என்றார் கடைசியில். வசந்தி மறுபடி அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். ‘ஆனா நீங்க கேம் ஆடினீங்கன்னு வெளிய சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். எனக்காக வாபஸ் வாங்கிட்டதா சொல்லிடுங்க.’

‘நிக்காத எலெக்‌ஷன்ல எப்படிண்ணே வாபஸ் வாங்குறது?’

‘அதெல்லாம் வாங்கலாம்’ என்று அரசியல் தெரிந்தவராகச் சொல்லிவிட்டு, என் ஃபோனை வைத்துவிட்டுத் தன் ஃபோனை எடுத்து நீட்டினார். ‘இதுலயும் அத ஏத்திக் குடுங்க.’

அன்று சாயங்காலமே டீக்கடை வாசலில் தெருவே பார்க்க, அந்தச் சால்வையை எடுத்து அண்ணன் தோளில் போர்த்தினேன். ‘அண்ணன்தான் சரியான ஆளு’ என்று நாலு வார்த்தை பேசவும் செய்தேன். பேச்சு நன்றாக இருந்ததாக மதாம் பிறகு சொன்னார். கூட்டம் கலைந்ததும் கமீது பாய் என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

‘வாபஸ் வாங்குனதுக்கு என்ன குடுத்தாரு தம்பி?’

அதற்குமேல் மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. ‘வீட்டக் காலி பண்ண வேணாம்னுட்டாரு பாய்’ என்று உண்மையைச் சொன்னேன்.

‘அவ்வளவுதானா?’

‘அவ்வளவுதான்.’

பாய் என் தோளில் கையை வைத்தார். ‘கேக்கத் தெரியலையே தம்பி உங்களுக்கு.’

தேர்தல் இன்னும் வரவில்லை. அண்ணன் கைப்பேசிக் கிராமத்தில் எல்லா இதயங்களையும் வென்றுவிட்டு, இப்போது ஆடு வாங்கியிருக்கிறார். நாங்கள் அதே மாடியில்தான் இருக்கிறோம். காய்கறி வண்டியில் நான் பேரம் பேச வாயெடுத்தால் போதும், வசந்தி என்னைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்பாள். வண்டிக்காரரிடம், தெருவில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வாள்: ‘அவர்கிட்ட வெலை பேசாதீங்க. ஒரு வார்டையே வாடக வீட்டுக்கு விட்டுக் குடுத்தவரு அவரு.’