நகத்தார் தந்த லீவு

மட்டக்களப்பில் நகத்தார் சுரண்டாத பழைய சுவர் ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்று, அந்தச் சுவர் பழையதாக இருக்காது. அல்லது அவர் சுரண்டியதை வீட்டுக்காரர் பார்த்திருக்கமாட்டார். புளியந்தீவிலும் பாலம் தாண்டிக் கல்லடியிலும் அவருடைய வலது கைப் பெருவிரல் நகம் ஏறி இறங்காத கட்டடமே கிடையாது.

அந்த நகத்தை அவர் வளர்த்தது அழகுக்கு அல்ல. சுவரின் மேல் பூச்சைச் சுரண்டுவார். அதற்குக் கீழே இருக்கும் நிறத்தைச் சுரண்டுவார். அதற்கும் கீழே வெள்ளையாக ஏதாவது வந்தால், ஒரு துளியை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு கோயில் பிரசாதம் சாப்பிட்டவரைப் போல் முகம் மலர்ந்து, "சிப்பிச் சுண்ணாம்பு. வாவிச் சிப்பி" என்பார். நாக்கு சொன்னால் சொன்னதுதான். கொழும்பிலிருந்து கருவியோடு வந்தவர்கள் இரண்டு நாள் அளந்து சொன்னதும் அதையேதான்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. குழுவின் வரவுப் பதிவில் நானே அதை மாதாமாதம் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி ஊரில் வீடு கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

குழு என்றது மரபுக் கட்டடக் குழுவை. அது எந்தச் சபையின் கீழ் இருந்தது என்று கேட்காதீர்கள், எனக்கு ஓய்வூதியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. ஊரிலுள்ள பழைய கட்டடங்களில் எவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று பட்டியல் போடுவது குழுவின் வேலை. பட்டியலில் ஏறிய கட்டடத்தில் குழுவைக் கேட்காமல் ஒரு ஜன்னலைக்கூட மாற்ற முடியாது. உறுப்பினர்கள் ஏழு பேர். ஐந்து பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். நான் உறுப்பினன் அல்ல. நடந்ததை எழுதும் கிளாக்கர்.

நகத்தார் கட்டட வரைபடப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைக் குழுவில் போட்டது அவருடைய அறிவுக்காக என்று கடிதத்தில் இருந்தது. உண்மையான காரணம் வேறு. வெளியே விட்டால் தினமும் முறைப்பாடு வந்தது.

ஒரு முறை கல்யாண வீடொன்றில் எல்லோரும் பந்தியில் இருக்க, இவர் மட்டும் விறாந்தைச் சுவரோடு நின்றார். மாப்பிள்ளை வருகிறார் என்று புதுப் பெயின்ட் அடித்த சுவர். பெண்ணின் அப்பா ஓடி வந்தார்.

"என்ன வேலை இது? நேத்துத்தான் அடிச்ச பெயின்ட்!"

"கோவிக்காதீங்க. மேல பச்சை, உள்ளுக்கு மஞ்சள், அதுக்குள்ள நீலம், மறுகா சுண்ணாம்பு. உங்கட வீடு உங்கட பூட்டனையும் விட மூப்பு."

பெண்ணின் அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சம்பந்தி வீட்டாரைக் கூட்டிவந்து சுரண்டிய இடத்தைக் காட்டினார். நகத்தாருக்கு இரண்டாம் முறையும் பாயசம் ஊற்றச் சொன்னார். மூன்று மாதம் கழித்து, வீடு பட்டியலில் ஏறியிருக்கிறது, இனி அனுமதி இல்லாமல் கதவு ஜன்னல் மாற்றக் கூடாது என்று என் கையெழுத்தில் கடிதம் போனது. அன்று மனிதர் விளக்குமாற்றோடு எங்கள் கந்தோருக்கு வந்தார். நகத்தார் பின்கதவால் போனார். போகும் வழியில் பின்கதவு நிலையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

தேவாலயத்திலும் இதே கதைதான். பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது போதகர் பாதியில் நிறுத்தி, "கடைசி வாங்கில் அமர்ந்திருக்கும் சகோதரர் தூணிலிருந்து கையை எடுப்பாராக" என்றார். சபை முழுவதும் திரும்பியது. அதற்குள் விரல் நாக்குக்குப் போய்விட்டது.

குழுவில் இன்னொரு உறுப்பினர் காத்தான்குடி ஹாஜியார், புடவைக் கடைக்காரர். நல்ல மனிதர், பழைய கட்டடங்கள் மேல் உண்மையான பிரியம் உள்ளவர். ஆனால் தன்னுடைய கடையின் முன்சுவருக்கு மட்டும் அலுமினியத் தகடு அடித்துவிட்டார்.

"ஏன் ஹாஜியார் இப்படி?" என்று கேட்டேன்.

"வெயிலுக்கு இல்ல மகன், நகத்துக்கு" என்றார்.

இத்தனை செய்த நகத்தாரின் சொந்த வீடோ சிமெந்துப் பெட்டி. தட்டைக் கூரை, அலுமினிய ஜன்னல், தரையில் பளபளக்கும் டைல்ஸ். சுரண்டினால் சிமெந்து, இன்னும் சுரண்டினாலும் சிமெந்து. கேட்டால், "அதை ஒரு குழுவும் தேடி வராது. நிம்மதி" என்பார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது கை வைக்கிற சடங்கு.

ஒரு கட்டடத்தைப் பற்றி வாக்கெடுப்பு என்றால் நகத்தார் எழுந்து நிற்பார். "கை வைச்சுப் பாக்காத சுவருக்குக் கை தூக்கக் கூடாது" என்பார். அவ்வளவுதான். தலைவியான எஞ்சினியர் அம்மா முதல் ஹாஜியார் வரை எல்லோரும் குடையை எடுத்துக்கொண்டு வெயிலில் புறப்பட வேண்டும். கட்டடத்தின் முன் வரிசையில் நின்று ஒவ்வொருவராக உள்ளங்கையைச் சுவரில் வைக்க வேண்டும். வைத்தவுடன் எடுத்தால் போதாது. "சூடா, குளிரா? சொல்லுங்க" என்று விடைத்தாள் திருத்தும் வாத்தியார் மாதிரிக் கேட்பார். ஒன்பது மணிக்குத் தொடங்கும் கூட்டம் இரண்டு மணிக்கு முடியும். பசியில் எஞ்சினியர் அம்மா என்னைப் பார்ப்பார். நான் நிகழ்ச்சி நிரலைப் பார்ப்பேன். அதில் இன்னும் பத்துக் கட்டடம் பாக்கியிருக்கும்.

அப்படிக் கை வைத்த இடங்களில் ஒன்றுதான் தோணிக் கந்தோர். தோணித்துறையின் பழைய அலுவலகம். வாவியோரமாக ஒற்றை அறை, கடல் முருகைக் கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய தடித்த சுவர், ஓட்டுக் கூரை, வளைந்த வாசல். பாலங்கள் வருவதற்கு முன் வாவிக்கு அக்கரையான படுவான்கரையிலிருந்து தோணியில் வந்தவர்கள் இறங்கிய இடம். நாங்கள் போனபோது அது ஒரு தனியாரின் காணிக்குள் ஆடு கட்டும் இடமாக இருந்தது.

வாசலுக்கு வலது பக்கம், தோள் உயரத்தில், சுவரில் ஒரு குழி இருந்தது. ஆழம் அதிகமில்லை. வழுவழுவென்று, ஒரு உள்ளங்கை அளவு.

"தோணியில இருந்து படிக்குக் கால் வைக்கக்குள்ள ஆள் ஆடும்" என்றார் நகத்தார். "விழாம இருக்க இதிலதான் கையை ஊண்டுறது. நெல்லு கொண்டு வந்தவன், ஆஸ்பத்திரிக்கு வந்தவன், பொண்ணு பாக்க வந்தவன், எல்லார்ர கையும் சேர்ந்து தோண்டின குழி இது. ஒரு மேசனும் செய்யல்ல."

அன்று அவர் சூடா குளிரா என்று கேட்கவில்லை. ஒவ்வொருவராகக் கையை வைத்தோம். உறுப்பினனே அல்லாத நானும் வைத்தேன். எல்லோருடைய கைக்கும் அந்தக் குழி சரியாக இருந்தது.

குழுவின் முறை இது. முதல் கூட்டத்தில் கட்டடத்தைத் தெரிவு செய்து வாசலில் அறிவித்தல் ஒட்டுவோம். அன்றிலிருந்து இரண்டு மாதத்துக்கு அதில் கை வைக்கத் தடை. அதற்குள் இரண்டாம் கூட்டம் கூடி உறுதிப்படுத்தினால் கட்டடம் பட்டியலில் ஏறும். உறுதிப்படுத்தாவிட்டால் தடை தானாகவே போய்விடும், சொந்தக்காரர் விரும்பியதைச் செய்யலாம். தோணிக் கந்தோரின் தடை ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிவதாக இருந்தது. உறுதிப்படுத்தும் கூட்டம் அதே வாரம் செவ்வாய்க்கிழமை. கை தூக்க வேண்டியதுதான் பாக்கி. எதிர்ப்பவர் யாருமில்லை.

அந்தக் கூட்டத்தின் நிரலில் இன்னும் பதினொரு புதுக் கட்டடங்கள் இருந்தன. எஞ்சினியர் அம்மா தலையில் கை வைத்தார்.

"பதினொண்டுக்கும் கூட்டிக்கொண்டு போவாரே! ஒரே ஒரு கூட்டம், அவர் இல்லாம நடத்தினா எவ்வளவு நல்லம்."

அவர் சும்மா சொன்னார். செய்தது நான். உறுப்பினர்களில் ஒருவர் மகளைப் பார்க்க ஆஸ்திரேலியா போயிருந்தார். நகத்தாரையும் கழித்தால் மீதி சரியாக ஐந்து பேர். போதும் என்று கணக்குப் போட்டேன். பழுகாமத்தில் பழைய நெற்களஞ்சியம் ஒன்று இடிகிற நிலையில் இருப்பதாகவும், செவ்வாய் காலை போய்ப் பார்த்து அறிக்கை தருமாறும் நகத்தாருக்கு ஒரு கடிதம் தட்டினேன். அப்படியொரு களஞ்சியம் எனக்குத் தெரிய இல்லை. எஞ்சினியர் அம்மா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடம் கட் அடிக்கிற சந்தோஷம்.

நகத்தார் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கவனமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"தம்பி, தோணிக் கந்தோர் விசயமும் செவ்வாக்கிழமைதானே வருது?"

"ஓம் ஐயா. கை தூக்குற வேலைதானே, நாங்க பாப்பம்."

"நீங்க பாப்பீங்க" என்றார். "அப்ப சரி. நான் போய் வாறன்."

செவ்வாய்க்கிழமை காலை நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஒன்பதரைக்கு ஹாஜியாரின் தொலைபேசி வந்தது. "மகன், மச்சான் மவுத்தாகிட்டார். ஏறாவூருக்குப் போய்க்கிட்டிருக்கன். இண்டைக்கு என்னை விட்டிருங்க." நான் கதவைப் பார்த்தேன், எஞ்சினியர் அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார். பழுகாமத்துக்கு ஆள் அனுப்பினேன். பஸ் போய்ச் சேர்ந்திருந்தது, நகத்தாரைத்தான் காணவில்லை. பதினொரு மணிக்கு, போதிய உறுப்பினர் இன்மையால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்று என் கையாலேயே எழுதினேன். மறு கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பது விதி. தடை முடிய மூன்று நாள்தான் இருந்தது.

பின்னேரம் நகத்தார் வந்தார். உடம்பெல்லாம் புழுதி, கையில் நாலு பக்க அறிக்கை, கைக்குட்டையில் முடிந்த சுண்ணாம்புக் கட்டி.

"களஞ்சியத்தைக் காணல்ல தம்பி. ஆனா வயலுக்குள்ள ஒரு பழைய கிணத்துக் கட்டு இரிக்கி, அருமையான வேலை!" என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"ஐயா, நாலு பேர்தான் வந்தாங்க" என்றேன்.

அவர் அறிக்கையை மேசையில் வைத்தார், அது காற்றில் பறக்காமல் இருக்கச் சுண்ணாம்புக் கட்டியை அதன் மேல் வைத்தார், போய்விட்டார்.

சனிக்கிழமை காலை தோணிக் கந்தோர் வாசலில் இடிக்கிற பெக்கோ இயந்திரம் நின்றது. சொந்தக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். விடுதி கட்ட வேண்டும் என்று ஆறு வருடம் காத்திருந்தவர், சட்டம் விட்ட வழியால் போனார். நகத்தார் எனக்கு முன்பே வந்து நின்றார். பெக்கோ ஓட்டியவர் கிரான் ஊரைச் சேர்ந்த நரைத்த மனிதர். இவர் போய் ஏதோ சொன்னதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். நகத்தார் வாசலுக்குப் போய் அந்தக் குழியில் உள்ளங்கையை வைத்தார். நெடுநேரம் கையை எடுக்கவே இல்லை.

"ஐயா, முடிஞ்சிட்டா?" என்று ஓட்டுநர் மெதுவாகக் கேட்டார்.

"ஓம். நீங்க உங்கட வேலையைப் பாருங்க."

முக்கால் மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. ஆடுகள் மட்டும் கொஞ்ச நேரம் கத்தின.

அடுத்த கூட்டத்துக்கு நகத்தார் நேரத்துக்கு வந்தார். கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கியபோதுதான் கண்டேன். நகம் இல்லை. ஒட்ட வெட்டியிருந்தார். கட்டடங்களின் படங்களைக் காட்டினோம், வாக்கெடுத்தோம், அவரும் கை தூக்கினார். வெளியே போகச் சொல்லி ஒருவரையும் எழுப்பவில்லை. பதினொரு கட்டடமும் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டன. நாங்கள் ஆசைப்பட்டது அப்படியே கிடைத்தது, ஒருவராலும் எழுந்து போக முடியவில்லை.

"எனக்கு என்னமோ மாதிரி இரிக்கி" என்றார் ஹாஜியார். "ஐயா, என்ட கடைத் தகட்டைக் கழட்டி விடுறன். வந்து சுரண்டுங்களன்."

நகத்தார் சிரித்தார். சுரண்ட வரவில்லை. அந்த வருட முடிவில் குழுவிலிருந்தும் விலகினார்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் அவருடைய சிமெந்து வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணீர் ஆறும் வரை வேறு கதை பேசினேன். பிறகு சொல்லிவிட்டேன்.

"ஐயா, அந்தப் பழுகாமக் கடிதம் பொய். நான்தான் எழுதினன்."

"தெரியும்" என்றார். "பழுகாமம் எங்கட சபை எல்லைக்குள்ள எப்ப வந்தது தம்பி? எல்லைப் படம் கீறினதே நான்தானே."

"அப்ப ஏன் ஐயா போனீங்க?"

"உங்களுக்கு என்னட்ட இருந்து ஒரு நாள் லீவு வேணும் போல எண்டு விளங்கினது. நானும் கொஞ்சம் கரைச்சல் குடுக்கிற ஆள்தானே. தோணிக் கந்தோரை நீங்க பாப்பீங்க எண்டு சொன்னீங்க. அதான் போனன்."

பிறகு, எனக்கு வலிக்கக் கூடாது என்பது போல் கேட்டார். "இப்ப கூட்டமெல்லாம் எத்தனை மணிக்கு முடியுதாம்?"

"பத்து மணிக்குள்ள முடிஞ்சிருதாம் ஐயா."

"நல்லம்" என்றார்.

போன மாசியில் நகத்தார் காலமானார். செத்த வீட்டில் கூட்டம், வெயில். பெட்டியை இறக்கும்போது நெரிசலில் தடுமாறி வாசல் சுவரில் கையை ஊன்றினேன். சிமெந்துதான், சுரண்ட ஒன்றுமில்லை. ஆனாலும் கையை எடுக்க மனம் வரவில்லை. யாராவது பக்கத்தில் நின்று சூடா, குளிரா என்று கேட்பார்கள் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு அந்த லீவு வேண்டாம் ஐயா. எழும்பி வந்து கூட்டத்தை இரண்டு மணி வரைக்கும் இழுங்க.