அறுபத்து நாலு கட்டங்களில் என் மாமனார்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. பயந்தாங்கொள்ளிகள் மற்றவர்களின் முகத்தை நேரே பார்த்துப் பேசமாட்டார்கள். தூர இருந்து வரைவார்கள். என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்து விட்டதும், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் மானத்தை வாங்கியதும் இந்த ஒரு குணந்தான்.

தொழில் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கார்ட்டூன் படம் எடுப்பதற்கு முன்னர், கதை முழுவதையும் சின்னச் சின்னக் கட்டங்களாக வரைந்து சுவரில் ஒட்டுவோம். அதற்கு ஸ்டோரிபோர்ட் என்று பெயர். அதை வரைபவன் நான். பிறகு அந்தப் படங்களை நடக்கவைக்கும் ஏழு பேருக்கு மேற்பார்வையாளனும் நானே. அம்மா ஊரெல்லாம் "மகன் சூப்பவைசர்" என்று சொல்லி வைத்திருந்தார். திருகோணமலையில் சூப்பவைசர் என்றால் துறைமுகத்தில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நிற்பவர். எனவே சம்பந்தம் பேசப்போன இடத்தில் பெண்ணின் தகப்பன் கேட்டாராம்: "என்னத்தை மேற்பார்வை செய்யிறார்?"

உண்மையான பதில், "மானின் நடையை." அம்மா அதைச் சொல்லவில்லை.

எங்கள் படத்தின் கதாநாயகன் ஒரு மான். எங்கள் ஊரில் மான்கள் மாடுகளைப்போலத் தெருவில் திரிந்து, கண் தப்பினால் சோற்றுப் பார்சலையும் தின்றுவிட்டுப் போகும். அப்படியொரு மானைப் பிடித்துக் கூண்டில் அடைக்கத் துரத்துபவர்தான் வில்லன். வில்லனுக்கு முகம் தேடித் துறைமுக வீதித் தேநீர்க் கடையில் ஒரு மாதம் குந்தியிருந்தேன். தினமும் ஏழு மணிக்கு ஒருவர் மீன் வாங்க வருவார். கொம்பு போன்ற மீசை, வயிற்றுக்கு மேல் கட்டிய சாரம், வலது கையில் மீன் பை, ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கும் நடை. பார்த்தவுடன் "ஆகா, வில்லன்!" என்றது மனம். (ஒரு மனிதர் ஏன் காலை இழுத்து நடக்கிறார் என்று யோசிக்கும் புத்தி அப்போது எனக்கு இருக்கவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.)

வரைந்து முடித்தபின் இயக்குநர், வில்லன் மற்றப் பக்கத்திலிருந்து வந்தால் நல்லது என்றார். அறுபத்து நாலு கட்டங்களையும் மறுபடி வரைவதா? கணினியில் ஒரு பட்டனைத் தட்டினேன். கண்ணாடியில் பார்ப்பதுபோல எல்லாம் இடம் வலமாகத் திரும்பிக்கொண்டது. (சோம்பேறித்தனத்துக்கு எங்கள் துறையில் நேர முகாமைத்துவம் என்று பெயர்.)

இதற்கிடையில் எனக்கும் சம்பந்தம் பேசிய பெண் வாசுகிக்கும் தொலைபேசிப் பேச்சு வளர்ந்திருந்தது. அவள் உவர்மலையில் பள்ளிக்கூட ஆசிரியை. போட்டோவில் தொடங்கி, மூன்று மாதத்தில் அவளுடைய குரலைக் கேட்காத நாளில் சாப்பாடு இறங்காது என்ற நிலைக்கு வந்துவிட்டேன். மிச்சம் இருந்தது தகப்பனின் சம்மதம் மட்டுந்தான்.

"அப்பா உங்கட வேலையைக் கண்ணால பாக்க வேணுமாம்" என்றாள். "பிடிச்சால்தான் ஓம் எண்டுவார். பிடிக்காட்டில் நான் தலைகீழா நிண்டாலும் ஏலாது."

"வரச் சொல்லும். சுவரைப் பாத்தாரெண்டால் விழுந்துபோவார்" என்றேன் பெரிய வீரன்போல. வெள்ளிக்கிழமை பின்னேரம் முழுவதும் அறுபத்து நாலு கட்டங்களையும் அடிமட்டம் வைத்து நேராக ஒட்டினேன்.

சனிக்கிழமை பத்து மணி. வாசலில் ஓட்டோ நின்றது. முதலில் மீசை இறங்கியது. அடுத்துச் சாரம். பிறகு அந்தக் கால்.

எனக்குப் பின்னால் நின்ற நஸ்ரின், எங்கள் படத்துக்கு நிறம் தீட்டும் கிண்ணியா ஊர்ப் பிள்ளை, மெல்ல முனகினாள்: "அல்லாவே! குகன் அண்ணா, இது நம்மட வில்லன்!"

"வாங்கோ ஐயா, இருங்கோ" என்று கதிரையை இழுத்து, சுவருக்கு முதுகு காட்டி வைத்தேன். அவர் இருக்கவில்லை. நஸ்ரின் ஓடிவந்து, "ஐயா, நிறமெல்லாம் அந்த அறையிலதான் இருக்கு, வாங்க காட்டுறன்" என்றாள். நல்ல பிள்ளை. பலிக்கவில்லை.

"நிறம் பிறகு பாப்பம் பிள்ளை. முதல்ல கதையைப் பாப்பம்" என்றவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைக் கேட்டார்: "தம்பி, எங்கயிருந்து வாசிக்கிறது?"

பயத்தில் எனக்குப் பொய் வராது. "இடப்பக்கம், மேல் வரிசை" என்றேன்.

முதல் வரிசை பரவாயில்லை, மான் மட்டுந்தான். ஒன்பதாவது கட்டத்தில் வில்லன் வருகிறார். அவர் நின்றார். மூக்கைச் சுவரோடு ஒட்டுமளவுக்குக் குனிந்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஸ்டோரிபோர்டின் கொடுமை இதுதான்: அடுத்து என்ன வரும் என்று வரைந்தவனுக்கு மட்டும் தெரியும். இருபத்தெட்டில் மீன் குடலில் வழுக்கி விழுகிறார். முப்பத்தாறில் மான் அவருடைய சாரத்தைக் கவ்வுகிறது. முப்பத்தேழில் சாரம் மானின் வாயில் மட்டும் இருக்கிறது.

நான் போய் முப்பத்தேழுக்கு மேல் முதுகை அப்பிக்கொண்டு நின்றேன். வாசுகி வேறு யாருக்கோ தேத்தண்ணி கொடுக்கும் காட்சி கண்முன்னே வந்தது.

"தம்பி, கொஞ்சம் விலகுங்கோ."

விலகினேன். அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே, தன் சாரத்தின் முடிச்சை ஒருமுறை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

அறுபத்து நாலாவது கட்டத்தில் வில்லன் இறங்குதுறையிலிருந்து கடலுக்குள் விழுந்து, மீசை மட்டும் மிதக்கிறது. அதையும் பார்த்து முடித்துவிட்டுத் திரும்பினார்.

"பென்சில் இருக்கோ?"

கொடுத்தேன். ஒன்பதாவது கட்டத்துக்குத் திரும்பிப் போய், வில்லனின் வலது காலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"இது பிழை. நான் இழுக்கிறது இடது கால். இழுவைப் படகில வேலை செய்யேக்க வடம் அறுந்து அடிச்சது. முப்பது வருசமா அந்தக் காலோட நான் படுற பாடு! நீங்கள் நோகாமல் மற்றக் காலுக்குக் குடுத்துப்போட்டீங்கள்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. தெரியாமல் செய்துபோட்டன். முகத்தையும் நடையையும் அடியோட மாத்திப்போடுறன்."

"என்னத்துக்கு? மாத்தினால் பிறகு அது ஆர்?" என்றார். "காலை மட்டும் சரியாப் போடுங்கோ. இஞ்ச பாருங்கோ, வடிவாப் பாருங்கோ."

அந்த அறையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மூன்று தரம் நடந்து காட்டினார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வரைந்தேன். ஏழு பேரும் வேலையை விட்டு எழும்பி வந்து வரைந்தார்கள். மூன்றாவது தரம் மீசையை முறுக்கி, கொஞ்சம் வில்லத்தனமும் சேர்த்துக்கொண்டார். போகும்போது, "அந்தச் சாரக் கட்டம்" என்று தொடங்கினார். நான் மறுபடியும் முப்பத்தேழுக்கு முன்னால் போய் நின்றேன். "உள்ளுக்குக் கட்டைக் காற்சட்டை ஒண்டு போட்டுவிடுங்கோ" என்று முடித்தார்.

வீட்டில் போய் மகளிடம் சொன்னாராம்: "பொடியன் வேலை தெரிஞ்சவன். ஆனால் இடம் வலம் தெரியாது. நீதான் பாத்து நடத்த வேணும்."

பட்டனைத் தட்டாமல், அறுபத்து நாலையும் கையாலேயே திரும்ப வரைந்தேன். கல்யாணத்தன்று அவர்கள் வீட்டு வாசற்படியில் வலது காலைத் தூக்கியபோது, உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது: "ஆராவது மாப்பிள்ளைக்குக் காலைக் காட்டிவிடுங்கோ!" நான் தடுமாறி இடது காலை வைத்தேன். வீடியோவில் அது இருக்கிறது.

இன்றைக்கும் மோட்டார் சைக்கிளில் போகும்போது "அடுத்த சந்தியில இடப்பக்கம் திரும்பவேணும்" என்று நான் சொன்னால், பின்னால் இருக்கும் வாசுகி கேட்பாள்: "உங்கட இடமோ, அப்பாவின்ர இடமோ?"