க்ளென் சொன்னால் திறக்கும்

"புதன்கிழமை நாலு இருபதுக்கு நீதான் அனுமதி கொடுத்திருக்கே," என்று மனைவி மார்னி க்ளெனிடம் ஃபோனை நீட்டினாள். "பாரு. 'க்ளென் குரல், கூடுதலா ஒரு மணி நேரம்'னு பதிவாகியிருக்கு."

நாலு இருபதுக்கு க்ளென் கனடாவின் சாஸ்கட்டூன் நகருக்கு வெளியே கோதுமை லாரிகளை எடைபோட்டுக்கொண்டிருந்தான். அதைச் சொன்னான்.

"ஃபோன்லேருந்தே சொல்லலாமே. அந்த வசதி இருக்குன்னு நீதானே பீத்திக்கிட்டே?"

விளக்கு, ஹீட்டர், கதவு எல்லாம் வாயால் சொன்னால் கேட்கும்படி வீட்டில் கருவி மாட்டியவன் க்ளென்தான். பதிமூன்று வயது மகன் ரீட் பேஸ்மென்ட்டில் ஆடும் வீடியோ கேமுக்கும் அதிலேயே பூட்டுப் போட்டிருந்தான். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல் அப்பாவோ அம்மாவோ சொன்னால்தான் திறக்கும். சொல்வதில்லை என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

"இன்னொரு தடவை உன் பேர் வந்துச்சுன்னா, அடுத்த மாசம் ஏரிக்குப் போறதை மறந்துடு."

உறைந்த ஏரியில் துளை போட்டு நண்பர்களோடு மீன் பிடிக்கும் அந்த மூன்று நாளுக்காகத்தான் க்ளென் வருஷம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பான்.

ரீடை விசாரித்தார்கள். வழக்கம்போல் கீழேயிருந்து குறுஞ்செய்தி வந்தது: 'ஹோம்வொர்க் முடிச்சாச்சு.' கேட்டது வேறு. பதில் என்று ஒன்று வந்ததே என்று விட்டுவிட்டார்கள்.

கருவிக்குக் காது சரியில்லை என்று க்ளென் முடிவு செய்தான். கராஜில் உட்கார்ந்து நூறு வாக்கியங்களை வாசித்துக் காட்டி, தன் குரலை அதற்குப் புதிதாகப் பழக்கினான். மார்னிக்குச் சளி. அவள் குரல் பதியவில்லை. எதற்கு வம்பு என்று அவள் பெயரையே எடுத்துவிட்டான்.

"இனிமே என் குரலைத் தவிர எதுக்கும் திறக்காது," என்றான்.

வெள்ளிக்கிழமை திறந்தது.

"உன் குரலைத் தவிர எதுக்கும் திறக்காதுன்னு நீயேதான் சொன்னே," என்றாள் மார்னி.

திங்கட்கிழமை க்ளென் தன் ஃபோனை அவளிடமே கொடுத்துவிட்டு வேலைக்குப் போனான். சாயங்காலம் அவள் வாசலிலேயே நின்றாள்.

"இன்னைக்கும் உன் பேர்தான். அப்ப வேலைக்கு நடுவுல வீட்டுக்கு வந்துட்டுப் போறே."

"இந்தப் பனியில நாப்பது கிலோமீட்டர் ஓட்டிக்கிட்டு வந்து, பையனுக்கு கேமைத் திறந்துவிட்டுட்டுப் போறேனா?"

"அவன்கிட்ட நல்ல பேர் வாங்கணும்னா எதுவும் செய்வே."

"அவன்கிட்டயா? நல்ல பேரா? எனக்கா?"

அவனுக்கு நிஜமாகவே வலித்தது.

சனிக்கிழமை அவன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். ஏழு வயது மகள் ஐவிக்குத் தட்டில் உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டை போட்டுக் கொடுத்தான். தனக்கு ஒரு தட்டு எடுத்துக்கொண்டு மார்னியை ஒட்டி சோபாவில் உட்கார்ந்தான்.

"ராத்திரி வரைக்கும் நான் வாயைத் திறக்கப் போறதில்லை. நீயே பக்கத்துல உக்காந்து பாத்துக்கோ."

மூன்றாவது பெரோகியை மெல்லும்போது பேஸ்மென்ட்டிலிருந்து க்ளெனின் குரல் கேட்டது.

"இன்னும் ஒரு மணி நேரம் கொடு."

"சரி, க்ளென்," என்றது கருவி.

மார்னி அவன் உப்பிய கன்னத்தைப் பார்த்தாள். அவன் மென்றதை விழுங்கினான்.

"நீ இங்க இருக்கே," என்றாள் மெதுவாக. "அப்ப கீழ யாரு?"

க்ளென் ஹாக்கி மட்டையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். மார்னி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். கீழே ரீட் மட்டும் காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தான்.

"இங்க யாருடா பேசினது?"

ரீட் தோளைக் குலுக்கினான்.

க்ளென் சோபாவுக்குப் பின்னால் பார்த்தான். அலமாரியைத் திறந்தான். ஹீட்டர் இருக்கும் சந்துக்குள் மட்டையை விட்டுத் துழாவினான்.

"போலீஸைக் கூப்பிடவா?" மார்னி ஃபோனை எடுத்தாள். அதில் ரீடிடமிருந்து குறுஞ்செய்தி வந்திருந்தது: 'நான்தான்.'

இருவரும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். படியில் தட்டோடு உட்கார்ந்திருந்த ஐவி வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அண்ணன் குரல் உடைஞ்சு மூணு மாசம் ஆச்சு. இந்த வீட்டுல அவன் பேசறதை அந்த மெஷின் ஒண்ணுதான் கேக்குது."