உசனார் காக்கா போட்ட பூட்டு

இனிமேல் இந்த வீட்டில் ரகசியம் ரகசியமாகவே இருக்கும் என்று உசனார் காக்கா சபதம் எடுத்தார். அதையும் சத்தம் போட்டே எடுத்தார். கண்டக்குழிக் கரையில் மீன் ஏலம் கூறுகிறவர் அவர்; அண்ணன் முறையில் ஊருக்கே காக்கா. மெதுவாகப் பேசுவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

சபதத்துக்குக் காரணம் வட்டலப்பம். சீனி வருத்தத்தால் இனிப்பே தொடக்கூடாத காக்கா, மாம்புரிக் கலியாண வீட்டில் யாரும் பார்க்காத மூலையில் குந்தியிருந்து வட்டலப்பத்தை ஒரு கை பார்த்துவிட்டு வந்தார். வீட்டு வாசலில் கால்கூட வைக்கவில்லை, அதற்குள் மனைவி றுக்கியா கேட்டாள்: "ரெண்டு கோப்பையா, மூணா?"

காக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'இன்னொண்டு தாங்க' என்று அவர் கேட்ட கேள்வி தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள் பகுதிவரை போனதும், அங்கே பக்கத்து வீட்டுச் சாரா உம்மா இருந்ததும் அவருக்குத் தெரியாது. தன்னோடு வந்தது சட்டைப் பையில் இருந்த ஃபோன் மட்டும்தான். ஆகவே காட்டிக் கொடுத்தது அதுதான். புத்தளம் டவுனில் கம்பியூட்டர் திருத்தும் ஹிஸ்புல்லாவும் அதை ஆமோதித்தார்.

"ஃபோன் எல்லாத்தையும் கேக்கும் காக்கா. காலுக்குச் சப்பாத்து வேணும் எண்டு வாயால சொல்லிப் பாருங்க, அடுத்த நிமிசம் சப்பாத்து விளம்பரம் வரும்."

காக்கா சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். சப்பாத்து போகட்டும். வெள்ளிக்கிழமைப் பயணம் என்னாவது?

சிநேகிதர் நெய்னாரும் அவரும் இன்னும் இரண்டு கூட்டாளிமாரும் மலைநாட்டு நுவரெலியாவுக்குப் போகிறார்கள். ஒரு வேன், நாலு ஆண்கள், மனைவிமார் இல்லை. குளிர் என்றால் ஐஸ் பெட்டியை மட்டுமே கண்ட மனிதருக்கு அது எவ்வளவு பெரிய கனவு என்று யோசித்துப் பாருங்கள். போன வருடம் கண்டிக்குப் போனபோது றுக்கியாவின் குடும்பமே ஏறிக்கொண்டது. காக்கா பைகளைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. இந்த முறை வீட்டில் சொன்ன கதை வேறு: நீர்கொழும்பில் ஐஸ் மெஷின் பார்க்கப் போகிறார்.

காக்காவின் மகளுடைய பழைய லெப்டொப்பில் ஹிஸ்புல்லா லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி, பூட்டுப் போட்ட செயலி ஒன்றையும் வைத்துக் கொடுத்தார்; நெய்னார் வீட்டு லெப்டொப்பிலும் அதையே வைத்தார். பயணக் கதையெல்லாம் அதற்குள் போனது. ஃபோனில் இதைப்பற்றி யாரும் மூச்சுவிடக் கூடாது என்று காக்காவே சட்டம் போட்டார்.

"இது என்ன புதுசு?" என்றாள் றுக்கியா.

"லினக்ஸ். ஒரு கொம்பனிக்கும் சொந்தமில்ல புள்ள. உள்ளுக்க என்ன இரிக்கி எண்டு உலகத்தில ஆரும் தொறந்து பாக்கலாம்."

"ஆரும் தொறந்து பாக்கிறதையா ரகசியத்துக்கு வெச்சிரிக்கீங்க?"

"அதுதான் விசயமே! நான் மீனைக் குவிச்சுக் காட்டித்தானே ஏலம் கூறுறன்? பெட்டியை மூடி வெச்சுக்கிட்டு விலை கேட்டா ஒனக்குச் சந்தேகம் வருமா, வராதா?"

"வரும்."

"அவ்வளவுதான்!"

"அப்ப நீங்க மட்டும் ஏன் மூடி வெச்சிரிக்கீங்க?"

காக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது வேற. சாமான் எப்படிச் செஞ்சதெண்டு எல்லாரும் பாக்கலாம். கதை என்ட கதை. அதுக்குப் பேரு தனியுரிமை," என்றார்.

"புருசன் பொஞ்சாதிக்குள்ளயா?"

"தனி எண்டா தனிதான் புள்ள."

றுக்கியா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். வெற்றி என்று நினைத்துக்கொண்டு காக்கா பாஸ்வேர்ட் போட உட்கார்ந்தார். மீனின் பேர், பக்கத்தில் விலை. யார் கண்டுபிடிப்பார்கள்? ஆனால் எண் ஒன்று கைக்கு வந்தால் அவர் வாய் சும்மா இருக்காது. அது கரையில் ஊறிப்போன பழக்கம்.

"பாரை எண்ணூறு! எண்ணூறு, எண்ணூறு, எண்ணூறேய்!"

வேலிக்கு அப்பாலிருந்து சாரா உம்மாவின் குரல் வந்தது. "றுக்கியா! பாரை எண்ணூறாமே! எனக்கொரு கிலோ எடுத்து வை!"

பாஸ்வேர்ட் ஊர் ஏறிவிட்டது! காக்கா உடனே மாற்றினார்.

"அறக்குளா ஆயிரத்து முந்நூறு! முந்நூறு, முந்நூறேய்!"

"அல்லாஹ்வே, அந்த விலைக்கு ஆரு வாங்குற? எனக்குப் பாரையே போதும்!"

மூன்றாம் முறை, சாரத்தின் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு தட்டினார். ஒரு சத்தமும் வரவில்லை. மனிதர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

வியாழக்கிழமை பின்னேரம் லெப்டொப்பைத் திறந்தார். வேன் எங்கே, எத்தனை மணிக்கு வருகிறது என்று நெய்னார் அதில்தான் எழுதியிருப்பார். பாஸ்வேர்ட் கேட்டது. காக்கா யோசித்தார். சாளையா? சீலாவா? வாயால் சொல்லாத எந்த விலையும் அவர் தலையில் நின்றதில்லை. தெரிந்த மீனையெல்லாம் போட்டுப் பார்த்தார். லினக்ஸ் மசியவில்லை. போட்ட பூட்டு போட்டவரையே வெளியே தள்ளிவிட்டது! நெய்னார் வீட்டுக்கே போய்க் கேட்டுவிடலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார்.

வாசலில் றுக்கியா நின்றாள்.

"வேன் எங்க வரும் எண்டு கேக்கத்தானே போறீங்க? பள்ளிக்குப் பின்னால. விடிய சுபஹு தொழுகைக்குப் பொறகு."

காக்கா லெப்டொப்பைத் திரும்பிப் பார்த்தார். "நீ... நீ லினக்ஸை ஒடைச்சிட்டியா?"

"அதை நான் தொடவே இல்ல. தனி எண்டா தனிதான் எண்டு நீங்கதானே சொன்னீங்க."

"அப்ப எப்படி?"

"நெய்னார் காக்கா மூக்குக்கண்ணாடி போடமாட்டார். வயசு தெரியுமாம். வாற மெசேஜ் எல்லாத்தையும் அவருக்கு வாசிச்சுக் காட்டுறது பொஞ்சாதி உம்மு குல்சூம்தான். பதில் எழுதுறதும் அவதான்."

ஒவ்வொரு பதிலோடும் நெய்னார் அனுப்பிய ரோசாப் பூப் படங்கள் காக்காவின் நினைவுக்கு வந்தன. நட்பு என்றல்லவா நினைத்திருந்தார்!

"பொஞ்சாதிமார் வராட்டித்தான் நுவரெலியா நுவரெலியாவா இரிக்கும் எண்டு எழுதினீங்களே, அதுக்கு 'ஓம், ஓம்' எண்டு போட்டதும் அவதான். மத்தப் பொஞ்சாதிமார் எங்க மூணு பேருக்கும் வாசிச்சுக் காட்டிட்டுத்தான் போட்டா."

"யா அல்லாஹ்!" காக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது? "சரி புள்ள, நடந்தது நடந்திட்டு. நீயும் வா. எல்லாருமாப் போவம்."

"வேனுல எடமில்லையே. நாங்க நாலு பொஞ்சாதிமார், சாரா உம்மா, அவட மருமகள்மார். உம்மு குல்சூமுட கூடப்பொறந்த நானாதான் ஓட்டுறார். வேன் வாடகை நீங்க ஏற்கனவே குடுத்திட்டீங்களாம், ஜஸாக்கல்லாஹ்."

"அப்ப நாங்க?"

"நீங்க நீர்கொழும்புக்கு ஐஸ் மெஷின் பாக்கப் போறீங்கதானே?"

"சோறு, கறி?" குரல் முதன்முறையாக அவருக்கே கேட்காத அளவுக்கு மெதுவாக வந்தது.

றுக்கியா புதுக் கம்பளிச் சட்டையைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"அடுப்புக்குப் பாஸ்வேர்ட் இல்ல. நெருப்புக்குச்சியைத் தட்டினாப் பத்தும்."