நீலவாவியின் நான்கு சைகைகள்

தூண்டிலில் மீன் கடித்துவிட்டது. அதுதான் பிரச்சினை.

சிவதர்ஷன் தோணியில் உட்கார்ந்திருந்தது மீன் பிடிக்க அல்ல. இரைகூடக் குத்தாமல் வெறும் கொக்கியைத்தான் எறிந்திருந்தான். அப்படியும் புத்திகெட்ட திலாப்பியா ஒன்று வந்து கவ்விக்கொண்டது. அதை உதறிவிட அவன் பட்டபாட்டில், கரையிலிருந்த உதைபந்தாட்ட மைதானத்தில் அடித்த ஒரு கோனர் உதை பார்வைக்குத் தப்பிப் போயே போய்விட்டது.

"அண்ணன், அந்தக் கோச் அக்ரம் என்ன செஞ்ச? தொப்பியத் தொட்டவரா, காதத் தொட்டவரா?"

தோணிக்காரர் நல்லரத்தினம் வாவிக்குள் வெற்றிலையைத் துப்பினார்.

"நான் மீனப் பாத்த, தம்பி. மனிசனப் பாக்க வந்த ஆள் நீங்கதானே."

சிவதர்ஷனுக்கு அழுகை வராத குறை. வவுணதீவுப் பக்கத்துப் பொன்வட்டை விளையாட்டுக் கழகத்தில் பதினாறு வருடம் ஓடி, ஐந்து வருடம் கப்டனாக இருந்து, இந்தத் தை மாதம்தான் சம்பளத்துக்குப் பயிற்றுநராகியிருந்தான். அதற்காக அரிசி ஆலை வேலையையும் விட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கல்லடிக் கரையின் நீலவாவி அணியை வென்றால் கழகம் முதற்பிரிவுக்கு ஏறும். தோற்றால் விசிலை மேசையில் வைத்துவிட்டுப் போகலாம் என்று கழகத் தலைவர் சொல்லிவிட்டார். ஆலை முதலாளியோ, திரும்பி வந்தால் வாசல் கூட்டத்தான் வேலை இருக்கும் என்று இன்னும் முன்னதாகவே சொல்லியிருந்தார்.

நீலவாவி அடிக்கும் கோல்களில் முக்கால்வாசி கோனரில் வருபவை. கோனர் கிடைத்ததும் அவர்களுடைய பயிற்றுநர் அக்ரம் கோட்டுக்கு வெளியே நின்று உடம்பில் எங்கோ தொடுவார். பந்து எங்கே போகும் என்பது அதிலே இருக்கிறது. எங்கே தொட்டால் எங்கே போகும் என்று தெரிந்துவிட்டால் போதும், முதற்பிரிவுதான்.

இது குற்றமா என்று லீக்கின் விதிப் புத்தகத்தை மூன்று தரம் படித்தான். காலுறையின் நிறத்துக்கு ஒரு முழுப்பக்கம் இருந்தது. ஆட்டத்துக்கு நடுவே மாடு புகுந்தால் என்ன செய்வது என்று அரைப்பக்கம் இருந்தது. சைகையைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ஆனாலும் மனசாட்சியுள்ள மனிதன். தனக்கென்று மூன்று விதி போட்டுக்கொண்டான். கண்ணால் மட்டும் பார்ப்பது. போனில் படம் எடுக்காதிருப்பது. அவர்களுடைய மைதானத்தில் கால் வைக்காதிருப்பது.

"எல்லாம் சரி, ஆனா இது களவுதானே?" என்றாள் மனைவி சுலோஜனா. அவள் பள்ளிக்கூட ஆசிரியை.

"கண்ணால பாக்கிறது களவா?"

"சோதினையில பக்கத்துப் புள்ளைட தாளப் பாக்கிறதும் கண்ணாலதான்."

"அது மண்டபம். இது வாவி. வாவி ஆருக்கும் சொந்தமில்ல."

"அப்ப என்னத்துக்கு மூணு கிழமையா தாடி வளக்கிறீங்க?"

அவன் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு புறப்பட்டான். சில கேள்விகளுக்கு அதுதான் பதில்.

இப்போது தோணிக்குள் திலாப்பியா துள்ளியது. அதைக் கரையிலிருந்து ஒருவர் பார்த்துவிட்டார். நீலவாவியின் சட்டைகளைத் துவைத்து, பந்துக்குக் காற்றடித்து, தண்ணீர்ப் போத்தல் சுமக்கும், எல்லோரும் அண்ணன் முறையில் கூப்பிடும் ஜிப்ரி காக்கா.

"மீன்காரத் தம்பி! அந்த மீனத் தாங்களன்!"

மீன்காரன் மீனை விற்கமாட்டேன் என்றால் சந்தேகம் வரும். கொடுத்தான்.

மறுநாளும் ஜிப்ரி காக்கா கரையில் நின்றார். "இண்டைக்கு என்ன இரிக்கு தம்பி?"

ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

"ரெண்டு நாளா ஒண்டும் படாத எடத்தில என்னத்துக்கு மனே இரிக்கிறீங்க?" என்று ஜிப்ரி காக்கா கேட்டார். விட்டுவிட்டுப் போகிற ஆளா சிவதர்ஷன்? அடுத்த நாள் காலையில் சந்தைக்குப் போய் ஒரு பை மீன் வாங்கி, பின்னேரம் தோணிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தான்.

ஜிப்ரி காக்கா பையைத் திறந்து பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"தம்பி, இது சூரையெல்லா?"

"ஓம் காக்கா. நல்ல சூரை."

"சூரை கடல் மீன். வாவிக்குள்ள எப்பிடிப் புடிச்ச?"

நெல்லை உள்ளங்கையில் வைத்தாலே இனம் சொல்கிற வவுணதீவான், மீன் என்றால் எல்லாம் மீன்தான் என்று நினைத்திருந்தான். நல்லரத்தினம் திடீரென்று இரும ஆரம்பித்தார்.

"முகத்துவாரம் வெட்டினதுதானே காக்கா. அதால உள்ளுக்கு வந்திரிக்கும்."

போன மழைக்கு வெள்ளம் கடலுக்கு வடிய முகத்துவார மணலை வெட்டியது உண்மைதான். ஜிப்ரி காக்கா நம்பிவிட்டார். அவர் நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வாவிக்குள் சூரை படுகிறதென்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் பின்னேரம் கரையில் ஒரு சந்தையே கூடியிருந்தது. பையோடும் சட்டியோடும் சனம். சனத்தின் முதுகுதான் தெரிந்தது, மைதானம் தெரியவில்லை.

"இன்னும் கிட்டப் போங்க அண்ணன்."

"கிட்டப் போனா மீன் கேப்பாங்க."

"போங்க!"

போனார்கள். அந்த நேரம் பார்த்து மைதானத்திலிருந்து பந்து ஒன்று உயர்ந்து வாவிப் பக்கம் வந்தது. பதினாறு வருடப் பழக்கம் யாரைக் கேட்டது? சிவதர்ஷன் தோணியில் எழும்பி, நெஞ்சில் வாங்கி, கீழே விழுமுன் ஓங்கி உதைத்தான். பந்து அழகாக மைதானத்தின் நடுவுக்குப் போனது. தோணி அழகாகக் கவிழ்ந்தது.

கரையில் கைதட்டல். அக்ரமே ஓடிவந்து கையை நீட்டினார்.

"அல்லாவே, மீன்காரருக்கு என்ன உதை! ஏறுங்க தம்பி மேல!"

மேலே ஏறினால் மூன்றாவது விதி போய்விடும். சிவதர்ஷன் இடுப்பளவு தண்ணீரில் அசையாமல் நின்றான்.

"இல்ல சேர். நான் இஞ்சயே நிக்கிறன்."

"என்னத்துக்கு?"

"உடம்புச் சூட்டுக்கு நல்லது."

அக்ரம் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கும் சந்தையில் வாங்கித் தோணிக்குள் வைத்திருந்த சூரை தண்ணீரோடு போனதால் சனமும் திட்டிக்கொண்டே கலைந்தது. ஒரு மணித்தியாலம் சிவதர்ஷன் அப்படியே நின்றான். மறைக்க ஒருவருமில்லை. நான்கு சைகையும் பளிச்சென்று தெரிந்தது. தொப்பியைக் கழற்றினால் பந்து கோலின் கிட்டக் கம்பத்துக்கு. காதைப் பிடித்தால் தூரக் கம்பம். இடுப்பிலிருந்து நழுவும் களிசானை மேலே இழுத்துவிட்டால் பக்கத்தில் நிற்பவனுக்குச் சிறு உதை. இரண்டு கையும் தலையில் வைத்தால் பெனால்டிப் பெட்டிக்கு வெளியே நிற்பவனுக்கு.

வீட்டுக்கு வந்து, நடுங்கிக்கொண்டே கொப்பியில் எழுதினான். சுலோஜனா தேத்தண்ணி வைத்தாள்.

"வெண்டாலும் இது உங்களுக்கு இனிக்குமா?" என்று கேட்டாள்.

"முதல்ல வெண்டு பாப்பம். மறுகா இனிக்குதா எண்டு சொல்றன்."

ஞாயிற்றுக்கிழமை நீலவாவிக்கு எட்டுக் கோனர் கிடைத்தது. அக்ரம் தொப்பியைக் கழற்றியதுமே பொன்வட்டைப் பொடியன்கள் கிட்டக் கம்பத்தில் நின்றார்கள். காதுக்குக் கை போனதுமே தூரக் கம்பத்துக்கு ஓடினார்கள். எட்டும் வீண். கடைசி நிமிடத்தில் பொன்வட்டை ஒரு கோல் போட்டது. ஒன்றுக்குப் பூச்சியம். முதற்பிரிவு!

சிவதர்ஷன் அன்று தாடியை மழித்திருந்தான். அவன்தான் மீன்காரன் என்று யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஆனால் வெற்றிக் களிப்பில் பொடியன்கள் அவன் தலையில் துவாயைத் தலைப்பாவாகக் கட்டித் தோளில் தூக்கினார்களே, அங்கேதான் சனியன் பிடித்தது.

"அக்ரம் சேர்!" என்று கத்தினார் ஜிப்ரி காக்கா. "இது நம்மட மீன்காரர்!"

வியாழக்கிழமை லீக் அலுவலகத்தில் விசாரணை. லீக்கின் தலைவர் கச்சி முகம்மது, இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர். நீலவாவியின் முறைப்பாடு சரியென்று முடிவானால் வெற்றி ரத்து. நீலவாவிதான் முதற்பிரிவுக்குப் போகும். சிவதர்ஷனுக்கு முந்தின இரவு முழுக்க ஆலை வாசலும் விளக்குமாறும்தான் கண்ணுக்குள் நின்றன.

"எங்கட சைகையக் களவெடுத்துத்தான் வெண்டிருக்காங்க சேர்," என்றார் அக்ரம். "இந்தா, கண்ட சாட்சி, ஜிப்ரி காக்கா."

"நான் ஒரு விதியும் மீறல்ல சேர்," என்றான் சிவதர்ஷன். "அவங்கட மைதானத்தில ஒரு கால் வைக்கல்ல. தண்ணிக்குள்ளதான் நிண்ட."

"சாட்சி?"

நல்லரத்தினம் எழும்பினார். "ஓம் சேர். ஒரு மணித்தியாலம் நிண்டவர். எருமகூட அப்பிடி நிக்காது."

"போன்ல படம் எடுக்கல்லயா?"

"இல்ல சேர். எல்லாம் கையெழுத்து." சிவதர்ஷன் தன் நேர்மையைக் காட்டக் கொப்பியை எடுத்து நீட்டினான். நீட்டிய பிறகுதான் அது என்ன கொப்பி என்று நினைவு வந்தது.

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார். "தொப்பி, கிட்டக் கம்பம். காது, தூரக் கம்பம். களிசான், சிறு உதை. கை ரெண்டும் தலையில, பெட்டிக்கு வெளியால. கவனிக்க: வாவியில் சூரை இல்லை."

அக்ரம் சிரித்தார். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

"தம்பி," என்றார் தலைவர். "புத்தகத்தில விதி இல்ல, ஒத்துக்கொள்றன். ஆனா விதியில இல்லாததெல்லாம் சரியெண்டும் இல்ல. ஒருத்தன்ட சாமான அவனுக்குத் தெரியாம எடுத்தா அது களவு. கையால எடுத்தாலும் ஒண்டுதான், கண்ணால எடுத்தாலும் ஒண்டுதான்."

சுலோஜனா சொன்ன அதே பேச்சு. சிவதர்ஷனின் கண் கலங்கிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆனால் தலையைக் குனியவில்லை.

"அப்ப சேர், சாமான் அவங்கடதான் எண்டு முதல்ல நிரூபிக்கச் சொல்லுங்க."

வேறு ஒன்றும் கிடைக்காமல், சும்மா நேரம் கடத்தத்தான் அப்படிச் சொன்னான். ஆனால் அதிபராக இருந்தவருக்கு அது நியாயமாகப் பட்டது.

"அதுவும் சரிதான். அக்ரம், இந்தச் சைகையெல்லாம் ஆர் உண்டாக்கின? எப்ப உண்டாக்கின?"

அக்ரமின் சிரிப்பு நின்றது. "அது சேர்... கழகத்தில ஒரு வழக்கம்..."

"எப்ப தொட்டு?"

"அது வந்து..."

"நான் சொல்றன் சேர்," என்று எழும்பினார் ஜிப்ரி காக்கா. அக்ரம் அவர் காலை மிதித்தார். காக்கா காலை இழுத்துக்கொண்டார்.

"நாங்க உண்டாக்கல்ல சேர், போன வருசம் பொன்வட்டைக்கு இருந்த கோச், பாவம், கோட்டுக்கு வெளியால நிண்டு மாய்ஞ்சு மாய்ஞ்சு காட்டின சைகை இது, இந்தா இரிக்கிற இவர்தான் அப்ப கப்டன், ஒரு நாளும் திரும்பிப் பாக்கல்ல, வீணாப் போகுதே எண்டு நாங்க எடுத்த!"